‘காண்க’ என்று ஒரு வரி

(நூலகர் நாளையொட்டிச் சுவாமிமலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் இந்த டெல்டாவில் ஒரு சின்ன நூலகத்தில் வேலை பார்த்தேன். நன்கொடையாக வந்த ஒரு மூட்டைப் புத்தகத்தில் மெல்லிய கையேடு ஒன்று கிடந்தது. மேலட்டை கிழிந்துபோயிருந்தது. முதல் பக்கத்தில் ‘நவதாலம்’ என்று பார்த்தேன். மாலை ஐந்து மணி. பேருந்தைப் பிடிக்க வேண்டும். அச்சுக் கோத்தவர் ‘ள’ போட வேண்டிய இடத்தில் ‘ல’ போட்டுவிட்டார் என்று நானே தீர்மானித்தேன். ‘தாளம் - இசை’ என்று அட்டை எழுதி, மிருதங்கப் பாடப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் செருகிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இரண்டு வருடம் அது அங்கேயே இருந்தது. ஒருநாள் சுவாமிமலையிலிருந்து ஒரு ஸ்தபதி வந்தார். பேரன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான், அவனுக்கு ஒரு புத்தகம் வேண்டும் என்று அந்த அலமாரியைக் கிளறியவர், கையேட்டோடு என் மேசைக்கு வந்தார். “ஐயா, இது பாட்டு இல்லீங்க. மூஞ்சி” என்றார்.

நான் முழித்தேன். அவர் என் மேசையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். தாலம் என்பது விக்கிரகத்தின் முக நீளம். அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு அங்குலம். அப்படி ஒன்பது முகம் உயரத்துக்கு உருவம் வார்த்தால் நவதாலம். தலைமைத் தெய்வங்களுக்கு உத்தம தசதாலம். பத்து முகத்துக்கு 120 அங்குலம்தானே வர வேண்டும், ஆனால் 124 அங்குலம் வைப்பார்கள். நான் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தது ஒரு தொழிலின் அடிப்படைக் கணக்கு. அவர் பேரன் தவில் கற்றுக்கொண்டிருந்தால் அந்தக் கையேடு இன்னும் அங்கேயே கிடந்திருக்கும்.

இன்றைக்கு நான் பேச வந்த விஷயம் அதுதான். ஒரு நூலுக்கு அடையாளச் சொல் வைக்க வேண்டியவர் யார்? அந்தத் தொழிலில் ஊறியவர் தம் வாயில் வரும் சொல்லைக் கொடுத்தால் அது திறவுச்சொல். இளைஞர்கள் ‘கீவேர்டு’ என்பார்கள். நூலகத்துக்காரர் எங்கோ அச்சான ஒரு பட்டியலைப் புரட்டி அதிலிருந்து எடுத்து வைத்தால் அது பொருள் தலைப்பு. எது நல்லது என்று இரண்டு தலைமுறையாக எங்கள் தொழிலில் சண்டை நடக்கிறது.

இந்தப் பட்டியல்களில் பெரியது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பட்டியல். 1898இல் வேலை தொடங்கி, 1909க்கும் 1914க்கும் இடையே பகுதி பகுதியாக முதல் அச்சு வந்தது. வாஷிங்டனில் போடுகிற பட்டியலுக்கும் காவிரிக்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பி.எல். 480 என்று ஒரு திட்டம் இருந்ததே, வயதானவர்களுக்கு அந்த அமெரிக்கக் கோதுமை நினைவிருக்கும். அதற்கு நாம் கொடுத்த ரூபாயில் ஒரு பங்கு புத்தகம் வாங்கப் போயிற்று. 1962இல் அந்த நூலகம் டில்லியில் அலுவலகம் திறந்தது. தமிழ்ப் புத்தகங்களும் அந்த வழியாகக் கப்பலேறி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போயின. போனவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பொருள் தலைப்பு. நீங்கள் வார்க்கும் திருமேனியைப் பற்றி ஒருவர் தமிழில் எழுதியிருந்தாலும், அங்கே அது ‘வெண்கலச் சிற்பம்’ என்ற தலைப்பின் கீழ்தான் போய் உட்காரும்.

வெண்கலம்! பாடப்புத்தகத்தைக் கேட்டால் செம்பும் வெள்ளீயமும் என்று சொல்லும். இங்கே மூசையில் இறங்குவது செம்பு, பித்தளை, ஈயம், சாத்திரத்துக்காக ஒரு துளி வெள்ளி, ஒரு துளி பொன். நீங்கள் அதைப் பஞ்சலோகம் என்கிறீர்கள். சோழர் கல்வெட்டு செப்புத் திருமேனி என்கிறது. புவிசார் குறியீடு கொடுத்த அரசுப் பதிவேட்டில் ‘சுவாமிமலை வெண்கல விக்கிரகங்கள்’. 2023இல் டில்லி பாரத் மண்டபத்து வாசலில் நிறுத்த இந்த ஊர் ஸ்தபதிகள் 27 அடி உயரத்தில், ஏறக்குறைய 18 டன்னில், நடராஜரை வார்த்துக் கொடுத்தார்கள் அல்லவா? அதை அரசுச் செய்திக் குறிப்புகள் ‘அஷ்டதாது’ என்றன. அது வடக்கே வழங்கும் சொல். ஆக, ஒரே ஊரின் ஒரே தொழிலுக்கு நாலு பெயர். ‘பஞ்சலோகம்’ என்று தட்டித் தேடுகிற பையனுக்கு அந்த 27 அடி நடராஜர் அகப்படமாட்டார். ‘வெண்கலம்’ என்று தேடினால் பானையும் உருளியும்தான் முன்னால் வந்து நிற்கும்.

அப்படியானால் தொழில்காரர் சொல்லையே வைத்துவிட்டால் என்ன? நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னைத் திருத்திய ஸ்தபதியிடமே, மெழுகு வார்ப்பு பற்றிய வேறொரு நூலைக் கொடுத்து, “இதுக்கு என்ன என்ன சொல் போடலாம், எழுதித் தாங்க” என்று கேட்டேன். ஒரு வாரம் கழித்து ஒரு தாள் வந்தது. தாலம், தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய், வண்டல் மண், கனவார்ப்பு, கண் திறத்தல்... அருமையான சொற்கள். எந்த நூலகப் பட்டியலிலும் இவற்றில் பாதி இல்லை. குங்கிலியம் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால், தேன்மெழுகு ஏன் தனியாக நிற்காது, குங்கிலியம் சேர்ந்தால் ஏன் இறுகும், கடலை எண்ணெய் விட்டால் ஏன் விரலுக்கு வசப்படும் என்கிற அத்தியாயத்துக்கே நேரே போய்விடலாம்.

ஆனால் அந்தத் தாளில் ‘சிலை’ இல்லை. ‘சிற்பம்’ இல்லை. ‘சுவாமிமலை’யும் இல்லை! கேட்டதற்குச் சிரித்தார். “அது என்னத்துக்குங்க, தெரிஞ்சதுதானே?” என்றார். அவருக்குத் தெரிந்ததுதான். சென்னையில் கல்லூரியில் படிக்கிற பெண், ‘சிலை செய்வது எப்படி’ என்று தேடி வருகிறவள், குங்கிலியம் என்ற சொல்லைக் கேட்டிருப்பாளா? தொழில் தெரிந்தவர் தம் வீட்டு வாசலைச் சொல்ல மறந்துவிட்டு நேரே பூஜை அறையைத்தான் காட்டுகிறார். இது சுவாமிமலைக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. மருத்துவர், வக்கீல், பேராசிரியர், எல்லோரிடமும் இதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு தொல்லையும் உண்டு. அதைச் சொல்லத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போக வேண்டும்.

இராஜராஜன் அந்தக் கோயிலுக்குக் கொடுத்த செப்புத் திருமேனிகளை ஒவ்வொன்றாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். என் கண்ணுக்கு அது ஒரு நூற்பட்டியல்தான். பாதம் முதல் கேசம் வரை எத்தனை முழம், எத்தனை விரல், கனமாக வார்த்ததா, எத்தனை திருக்கை, சடையில் கங்கை உண்டா, பாதத்தின் கீழ் முசலகன் உண்டா. எந்த நூலகரும் பொறாமைப்படும் விவரம். அதில் நடனமாடும் சிவனுக்கு என்ன பெயர் தெரியுமா? ஆடவல்லான். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ‘நடராஜர்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு அந்தக் கல்வெட்டுகளுக்குள் போகிறவர் கண்ணெதிரே இருக்கும் திருமேனியைத் தவறவிடுவார்.

சரி, கல்வெட்டு அறிஞரிடம் கேட்டு ‘ஆடவல்லான்’ என்ற திறவுச்சொல்லை வாங்கிக்கொண்டோம் என்று வையுங்கள். இப்போது தேடினால் என்ன வரும்? நெல் வரும்! ஆமாம், அந்தக் கோயிலில் நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். பொன் நிறுத்த எடைக்கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். தேவாரம் பாடியவர்களுக்கும் விளக்கெரித்தவர்களுக்கும் அளந்த நெல்லெல்லாம் ஆடவல்லானால்தான் அளக்கப்பட்டது. தெய்வத்தைத் தேடுகிறவர் மரக்காலில் இடறி விழுவார். அறிஞர் கொடுத்த சொல் சரியான சொல்தான். அதன் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி போட்டு, (திருமேனி), (மரக்கால்), (எடைக்கல்) என்று பிரித்து எழுத ஒருவர் வேண்டும். அந்த அலுப்பான வேலைதான் எங்கள் வேலை.

இதை மேல்நாட்டார் கண்டுபிடித்தார்கள் என்று எங்கள் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அதில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. நம் நிகண்டுகளைப் பாருங்கள். திவாகரம் இந்தப் பகுதியைச் சேர்ந்த அம்பர் என்ற ஊரின் தலைவன் சேந்தன் ஆதரவில் உண்டானது. சேந்தன் என்பதே உங்கள் சாமி முருகனின் பெயர்களில் ஒன்று. அதில் பன்னிரண்டு தொகுதி. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி. இந்தப் பத்திலும் ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களை ஓரிடத்தில் திரட்டிவைத்தார்கள். பதினொன்றாவது தொகுதி ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள். ஒரு பொருளுக்குப் பல சொல், ஒரு சொல்லுக்குப் பல பொருள்: திறவுச்சொல்லைக் கெடுக்கிற இரண்டு வியாதியும் இவைதான். ஆயிரம் வருடத்துக்கு முன்பே இரண்டுக்கும் தனித்தனித் தொகுதி வைத்தவர்கள் நாம். நான் தடுமாறிய ‘தாலம்’ என்ற சொல்லுக்கே பனை, உண்கலம், நாக்கு, பூமி என்று அகராதியில் வரிசையாகப் பொருள் இருக்கிறது. அன்றைக்கு அகராதியைத் திறந்திருந்தாலாவது ‘ல’வைத் திருத்தியிருக்கமாட்டேன்.

நூலகர் நாள் என்று கூடியிருக்கிறோம். சீர்காழிக்காரரைப் பேசாமல் இருக்க முடியாது. 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். பெயரின் முன்னால் நிற்கும் அந்த ‘எஸ்’ சீர்காழிதான், வெள்ளைக்காரர் காலத்து எழுத்தில் ‘ஷியாலி’. நூலகவியலின் தந்தை என்று நாம் கொண்டாடுகிறவரின் பெயரிலேயே, வாசகரை ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு அனுப்பும் எங்கள் ‘காண்க’ வரி ஒன்று ஒளிந்திருக்கிறது: ஷியாலி, சீர்காழி காண்க. கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அந்த வருடம் லண்டனுக்குப் போனபோது ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். நாலைந்து வகைத் துண்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினால் ரயிலும் ஆகும், பாலமும் ஆகும். அறிவுத்துறைகளையும் அப்படித் துண்டுகளாக வைத்துக்கொண்டு முடுக்கிக்கொள்ளலாமே என்று தோன்றிற்று. 1933இல் கோலன் பகுப்பு முறை அச்சானது. பிற்பாடு அந்தத் துண்டுகளை ஐந்து வகையாக்கினார். முதன்மைப் பொருள், அது ஆகிய பண்டம், அதன்மேல் நடக்கும் செயல், இடம், காலம்.

உங்கள் பட்டறையில் வைத்துப் பார்ப்போம். விக்கிரகம், பஞ்சலோகம், வார்ப்பு, சுவாமிமலை, இருபதாம் நூற்றாண்டு. ஐந்தும் விழுந்துவிட்டதா? ஸ்தபதி மறந்த ‘சுவாமிமலை’யை இந்த முறை மறக்க விடாது. ஏனென்றால் இடம் என்ற கட்டம் காலியாக இருந்தால் நூலகரின் கை உறுத்தும். அதோடு அவர் சங்கிலி முறை என்று ஒன்றைச் சொன்னார். பகுப்பு எண்ணின் கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கி வந்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு தலைப்பு எழுத வேண்டும். வார்ப்பு, உலோகச் சிற்பம் என்று ஒன்று. உலோகச் சிற்பம் என்று ஒன்று. சிற்பம் என்று ஒன்று. சென்னைப் பெண் எந்தக் கண்ணியைப் பிடித்தாலும் சங்கிலி அவளைக் கொண்டுவந்து சேர்க்கும். 1950இல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல் இருபது வருடம் இந்தச் சீர்காழிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது.

இனிப் பரீட்சைக்கு வருவோம். இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு என்ற ஊரில் விமானவியல் கல்லூரியின் நூலகர் சிரில் கிளெவர்டன், 1950களின் கடைசியில் நாலு முறைகளை ஓட்டப் பந்தயத்தில் விட்டார். 18,000 கட்டுரைகள், 1,200 கேள்விகள். அகரவரிசைப் பொருள் தலைப்பு ஒன்று, உலகப் பொதுப் பகுப்பு ஒன்று, ரங்கநாதன் வழியில் செய்த முகப்புப் பகுப்பு ஒன்று, தனிச்சொற்களை அப்படியே எடுத்துப்போடும் முறை ஒன்று. தேடிய கட்டுரையைப் பிடித்துக் கொடுத்ததில் தனிச்சொல் 82 விழுக்காடு, பொருள் தலைப்பு அதற்கு அரை விழுக்காடு கீழே, நம் ஊர்ச் சரக்கு 74க்குக் கொஞ்சம் கீழே. இரண்டாவது பரீட்சை 1,400 கட்டுரைகளில் நடந்து, முடிவு 1966இல் வந்தது. அதில் கட்டுரையிலிருந்தே எடுத்த சாதாரணச் சொற்கள் முன்னால் நின்றன. கிளெவர்டனுக்கே அது அதிர்ச்சி. பட்டியலெல்லாம் வீண், தலைப்பெல்லாம் தண்டம் என்று ஒரு கூட்டம் அன்றிலிருந்து சொல்லி வருகிறது.

எனக்கு அதில் ஒரு கேள்வி. விமான இறக்கையைப் பற்றிக் கேள்வி கேட்டவரும் விமானக்காரர், கட்டுரை எழுதியவரும் விமானக்காரர், மொழியும் ஒரே ஆங்கிலம். பட்டறைக்குள்ளேயே பேசிக்கொண்டால் எந்தச் சொல்லும் செல்லும். ஸ்தபதி ஸ்தபதியிடம் கேட்கும்போது குங்கிலியம் போதும். வெளியூர்க்காரி வந்து கேட்கும்போதுதான் தடுமாற்றம். 2005இல் டினா கிராஸ், ஆர்லின் டெய்லர் என்ற இரண்டு நூலகவியலார் அமெரிக்க நூற்பட்டியல் ஒன்றில் பார்த்தார்கள். வாசகர் வெறும் திறவுச்சொல் தட்டித் தேடும்போது கிடைக்கிறவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அந்தப் பதிவுகளில் பொருள் தலைப்பு இருப்பதால்தான் கிடைக்கின்றன. அதை எடுத்துவிட்டால் அவை காணாமல் போய்விடும். தேடுகிறவருக்குத் தலைப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. அன்னதானத்தில் சாப்பிட்டுப் போகிறவருக்கு உலை வைத்தவரைத் தெரியாத மாதிரி.

அதற்காகப் பட்டியல்காரர்களை நான் தலையில் தூக்கி வைக்கப் போவதில்லை. அவர்கள் கால் நகர நாளாகும். சமையலுக்கு யாருமே பேச்சில் சொல்லாத ஒரு பழைய ஆங்கிலச் சொல்லை வைத்திருந்த காங்கிரஸ் நூலகம், அதை மாற்றியது 2010இல். குடியேறிய மனிதர்களைச் சட்டவிரோத அந்நியர் என்று குறித்த தலைப்பை மாற்றச் சொல்லி 2014இல் ஒரு கல்லூரி மாணவர்கள் கிளம்பினார்கள். அது நாடாளுமன்றம் வரை போய், 2021இல்தான் மாறியது. மக்கள் வழங்கும் சொல்லையே தலைப்பாக வை என்று சார்லஸ் கட்டர் 1876இலேயே விதி எழுதிவிட்டார். எந்த மக்கள் என்பதில்தான் வழக்கு.

உங்கள் ஊருக்கே வருகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அறுபது படி ஏறி நிற்கிறோமே, அந்தத் தலத்தைத் திருவேரகம் என்று அருணகிரிநாதர் காலத்திலிருந்து பாடி வருகிறோம். திருமுருகாற்றுப்படை சொல்லும் ஏரகம் இதுதான் என்பது நம் நம்பிக்கை. உரையாசிரியர் நச்சினார்க்கினியரோ ஏரகம் மலைநாட்டில் உள்ள ஒரு தலம் என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். நூலகர் என்ன செய்ய வேண்டும்? பக்தரையும் உரையாசிரியரையும் சமாதானம் செய்து வைக்க அவர் நாட்டாமை இல்லை. எங்களிடம் இரண்டு வகை வரி உண்டு. ஒன்று ‘காண்க’, இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டுவது. மற்றொன்று ‘மேலும் காண்க’. சம்பந்தம் உண்டு, போய்ப் பார்த்து நீயே தீர்மானித்துக்கொள் என்பது. தகப்பன்சாமி, சுவாமிநாதன் காண்க என்று நான் தயங்காமல் எழுதுவேன். சுவாமிமலை, ஏரகம் என்பதற்கு ‘மேலும் காண்க’ போடுவேன். ஒரே ஒரு சொல்தான் கூடுதல். அதை எங்கே போடுவது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடம் ஆயிற்று.

பெயர் விஷயத்தில் இந்தச் சாமி பொல்லாதவர். இங்கிருந்து அதிக தூரமில்லாத உத்தமதானபுரத்துக் குடும்பம் ஒன்றில் 1855இல் பிறந்த குழந்தைக்கு வேங்கடராமன் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் உங்கள் சாமி பெயரைச் சொல்லிச் சாமிநாதன் என்று கூப்பிட்டார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போனபோது அவருக்கு இரண்டாவது பெயரே பிடித்தது. அவ்வளவுதான், ஆசிரியர் தலைப்பை நிலைநிறுத்திவிட்டார். கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டே சீவக சிந்தாமணியை 1887இல் அச்சேற்றியவரை வேங்கடராமன் என்று எந்த நூலகத்திலும் தேடமாட்டோம். ஆனாலும் சாமிநாதையர், சாமிநாதய்யர், சுவாமிநாத ஐயர், உ.வே.சா. என்று நூல்கள் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிற கணினிப் பட்டியல்களை இன்றும் பார்க்கிறேன். அட்டைக் காலத்தில் இருந்த அந்த ஒற்றை வரி ‘காண்க’வைக் கணினிக்கு மாற்றும்போது பல இடங்களில் விட்டுவிட்டார்கள். எனக்கு நிஜமாகவே வயிறு எரிகிற விஷயம் அது ஒன்றுதான்.

ஸ்தபதி வீட்டுப் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் தாத்தா, அப்பா வாயில் வருகிற சொற்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதும்போது பக்கத்திலேயே, அந்தச் சொல் தெரியாத உங்கள் பள்ளித் தோழன் அதை என்ன சொல்லிக் கேட்பான் என்பதையும் எழுதுங்கள். இரண்டு பத்தி போதும். மூன்றாவது பத்தி வேண்டுமானால் சாத்திரச் சொல்லுக்கு வைத்துக்கொள்ளலாம். மெழுகு வார்ப்பை வடமொழி நூல்கள் மதூச்சிஷ்ட விதானம் என்கின்றன. தேன் எடுத்த பிறகு மிஞ்சிய எச்சம் என்று மதூச்சிஷ்டம் என்பதற்குப் பொருள். உங்கள் தாத்தா அதைச் சொல்லியிருக்கமாட்டார். மானசோல்லாசம் போன்ற வடமொழி நூலைத் தேடுகிற ஆராய்ச்சி மாணவர் அதைத்தான் சொல்லுவார்.

அந்தக் கையேட்டுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. அன்றைக்கே பழைய அட்டையைக் கிழித்துவிட்டு, ஸ்தபதியை எதிரே உட்காரவைத்துப் புதிதாக எழுதினேன். ‘தாலம் (சிற்ப அளவு)’ என்று தலைப்பு. ‘நவதாலம், தாலம் காண்க’ என்று ஓர் அட்டை. ‘சிலை அளவு, தாலம் காண்க’ என்று ஓர் அட்டை. ‘தாளம் (இசை)’ அட்டையின் அடியிலும், என்னைப்போல் ஒருவன் நாளைக்கு வருவான் என்று, தாலத்துக்கு ஒரு வரி. எழுதி முடித்துப் பெருமையோடு அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

“ஒடியோலையை விட்டுட்டீங்களே” என்றார்.

அது என்ன என்று கேட்டேன். தென்னை ஓலையில் ஒரு கீற்றை விக்கிரகத்தின் உயரத்துக்கு நறுக்கி, தாலக் கணக்குப்படி மடித்து மடித்து ஒடித்து அடையாளம் வைத்துக்கொள்வார்களாம். அளவுகோல் அதுதான். இன்னொரு அட்டையை எடுத்தேன். ‘ஒடியோலை’ என்று ஒரே சொல்லாகப் போடுவதா, ‘ஒடி ஓலை’ என்று பிரித்துப் போடுவதா என்று கேட்டேன்.

“அதெல்லாம் நீங்க பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு, பேரனுக்கு எடுத்த மிருதங்கப் புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டார்.